கிழக்குச் சுவரும் நான்கரை நட்சத்திரமும்

கல்லடிக் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில், கடலைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு மாடிப் பாலர் பாடசாலைக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவர்களுக்குப் பெயின்ட் பூசும் வேலையை இரண்டு தடவை மேற்பார்வை செய்திருக்கிறேன். முதல் தடவை, 2015 இல், பூசியது இணைய விற்பனைத் தளமொன்றில் ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம் பெற்றிருந்த பெயின்ட். இரண்டாவது மாரி முடியும்போதே கிழக்குச் சுவரில் அது கொப்பளித்துக் கழன்றுவிட்டது. இரண்டாவது தடவை, 2018 இல், பூசியது நட்சத்திரம் எதுவும் இல்லாத, கொந்தராத்துக்காரர்கள் மட்டுமே கேட்டு வாங்குகின்ற, வாளியின் மேல் ஒரு படம்கூட அச்சிடப்படாத பெயின்ட். 2025 தை மாதத்தில் நான் போய்க் கையால் தடவிப் பார்த்தபோது, ஏழாவது மாரியையும் கண்ட பிறகு, அது சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. இந்த மதிப்புரை அந்த இரண்டு பெயின்டுகளையும், அவற்றை நாங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு முறைகளையும் பற்றியது.

மட்டக்களப்பு நகரின் ஹாட்வெயார் கடைகளில் டுலக்ஸ், நிப்பொன், றொபியலக், மல்டிலக், ஏசியன் பெயின்ட்ஸ் கோஸ்வே என்று பல நிறுவனங்களின் பெயின்டுகள் விற்பனையாகின்றன. நாங்கள் பூசியவை எந்த நிறுவனத்துடையவை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரே நிறுவனம் வெளிச்சுவர்ப் பெயின்டை மட்டும் மூன்று நான்கு தரங்களில் விற்கிறது. நான் பெயரைச் சொன்னால், வாசிப்பவர் அந்தப் பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவார். அதே பெயருள்ள வேறொரு வாளியோடு வீட்டுக்கு வருவார். 2015 இல் எங்களுக்கு நடந்ததும் அதுதான்.

அன்றைய நிர்வாகக் குழுவில் இருந்த பெரியவர் ஒருவரின் மகன் கனடாவில் வசிக்கிறார். அவர் தகப்பனுக்கு ஓர் இணைப்பை அனுப்பியிருந்தார். "தம்பி, இதைவிட நல்லது இல்லையென்று பிள்ளை சொல்லுறான், ஆயிரம் பேருக்கு மேல எழுதியிருக்காங்களாம்" என்று பெரியவர் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அதே பெயரில் இங்கேயும் ஒரு பெயின்ட் இருந்ததால், குழு அதையே வாங்கத் தீர்மானித்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இரண்டு நாடுகளின் இரண்டு தொழிற்சாலைகள் இருப்பதையும், வாளிக்குள் இருக்கும், காய்ந்து படலமாகிச் சுவரில் ஒட்டும் பிணைப்பானும், நிறம் தரும் நிறமியும் நாட்டுக்கு நாடு மாறக்கூடியவை என்பதையும் அன்று குழுவில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

பெயின்ட் கழன்ற பிறகுதான் அந்த மதிப்பீடுகளை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. மணம் குறைவு என்றார்கள், ரோலரில் இருந்து சிந்தவில்லை என்றார்கள், இரண்டு பூச்சில் பழைய நிறம் மறைந்துவிட்டது என்றார்கள், சொன்ன நாளில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்றார்கள். மூடி உடைந்து வந்ததற்காக ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். ஏறக்குறைய எல்லோரும் பூசி முடித்த வாரத்திலோ மாதத்திலோ எழுதியிருந்தார்கள். உப்புக் காற்று என்ற சொல்லோ, சீமெந்துப் பூச்சு என்ற சொல்லோ நான் வாசித்த எதிலும் இல்லை. அவர்கள் படுக்கையறைக்குப் பூசியிருக்கிறார்கள், மரவேலிக்குப் பூசியிருக்கிறார்கள், பூசியதும் மகிழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியைச் சராசரி எடுத்தால் வருவது நான்கரை நட்சத்திரம். கிழக்குச் சுவரைப் பற்றிய எங்கள் கேள்வி அதற்குள் எங்கேயும் இல்லை.

வாங்கியவர்கள் எழுதும் மதிப்பீடும், ஆய்வுகூடத்தில் சோதித்து வெளியிடப்படும் மதிப்பீடும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அமெரிக்காவில் 1936 முதல் இயங்கிவரும், பொருட்களைச் சோதித்து மதிப்பிடும் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் விளம்பரம் எடுப்பதில்லை. சோதிக்கும் பொருட்களைச் சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையில் காசு கொடுத்தே வாங்குகிறது. வெளிப்பூச்சுப் பெயின்டுகளை மரப் பலகைகளில் பூசி, நியூயோர்க் மாநிலத்தின் யொங்கர்ஸ் நகரில் உள்ள தனது கட்டடத்தின் கூரையில் வெயிலிலும் பனியிலும் வருடக்கணக்கில் வைத்துப் பார்த்திருக்கிறது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே சோதிக்கப்படுவது மரப்பலகை வீடுகள் நிறைந்த நாட்டில், வீட்டுக்காரர் சில்லறையாக வாங்கும் வாளி. பெரிய கட்டட வேலைகளுக்கென்று தனியாகத் தயாரிக்கப்படும் தரங்கள் அத்தகைய பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வட அமெரிக்காவிலேயே கட்டடக் கலைஞர்கள் தங்கள் விவரக்குறிப்புகளில் நட்சத்திரத்தைக் குறிப்பிடுவதில்லை. கனடாவில் தொடங்கிய மாஸ்டர் பெயின்டர்ஸ் இன்ஸ்டிடியூட் வெளியிடும் தர எண்களைக் குறிப்பிடுகிறார்கள். அந்த எண் எந்த மேற்பரப்புக்கு, எந்தப் பளபளப்பில், எந்தச் சோதனைகளில் தேறிய பெயின்ட் என்பதைச் சொல்கிறது. எங்களுக்குத் தேவைப்பட்டதும் அந்த மாதிரியான பதில்தான்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் கட்டடம் கட்டியவர்களுக்குக் கிழக்குச் சுவரைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. காலை வெயில் கடலின் மேலாக நேரே அதில்தான் விழும். ஐப்பசியில் தொடங்கும் மாரியில் வாடைக்காற்று மழையைச் சாய்த்து அடிப்பதும் அதில்தான். சில நாட்களில் மழை மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில் வந்து சுவரில் குத்துவதே அதிகம். அலை உடையும்போது எழும் நுண்ணிய உப்புத் துளி காற்றோடு வந்து படிந்து, இரவில் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழை விட்டால் சித்திரைக்குப் பிறகு கச்சான் காற்று மேற்கிலிருந்து வந்து சுவரை வறட்டும். ஊறி ஊறிக் காயும் சுவருக்குள் இருக்கும் உப்பு ஒவ்வொரு முறையும் கரைந்து மேலே வந்து, பெயின்டின் முதுகுக்குப் பின்னால் பளிங்காகிப் பருக்கும். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஒரு வீட்டுச் சுவருக்கு எட்டு வருடம் தாங்கும் பெயின்ட், இங்கே நான்கு வருடம் தாங்கினாலே நல்ல பெயின்ட் என்று சொல்லலாம்.

2015 இல் அந்தச் சுவருக்கு நாங்கள் செய்தது இன்னொரு அநியாயம். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கிழக்குச் சுவரின் சீமெந்துப் பூச்சு முடிந்து பன்னிரண்டு நாட்களே ஆகியிருந்தன. புதிய சீமெந்துப் பூச்சில் காரத்தின் அளவைக் காட்டும் பி.எச். 12 க்கும் மேலே இருக்கும். அந்தக் காரமும் உள்ளே இருக்கும் நீரும் இறங்குவதற்குக் குறைந்தது 28 நாட்கள் விடவேண்டும், ஈரப்பதமான காலத்தில் அதைவிடக் கூடுதலாகவும் விடவேண்டும். பெயின்ட் அடிக்க வந்த அண்ணன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சேர், சுவர் இன்னும் காயல்ல. இப்ப அடிச்சா மறுகா கழரும்" என்றார். கொந்தராத்துக்காரர் நாள் இல்லை என்றார். நான் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காமல் விட்டேன். ஆகவே முதல் பெயின்ட் கழன்றதற்கு அந்த வாளி மட்டும் பொறுப்பல்ல என்பதைச் சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுதுவது நேர்மையாகாது.

2017 தொடக்கத்தில், மாரி ஓய்ந்ததும் சுவரைப் பார்க்கப் போனேன். நெஞ்சு உயரத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் கொப்புளங்கள் இருந்தன. ஒன்றைக் கத்தி முனையால் கீறியபோது பெயின்ட் தோல் போலச் சுருண்டு விரலில் வந்தது. அதன் முன்பக்கம் நிறம் மங்காமல், அழுக்கில்லாமல், கழுவி வைத்தது போல இருந்தது. பின்பக்கம் முழுவதும் மாப் போல வெள்ளைத் தூள். நாவில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. கைக்கு வந்த அந்தத் துண்டு எவ்வளவு மெல்லியது என்பதும் அப்போதுதான் தெரிந்தது: வெளிச்சத்தில் பிடித்தால் விரலின் நிழல் மறுபக்கம் தெரிந்தது.

அதனால் இரண்டாவது தடவை சுவரிடமே கேட்பதென்று முடிவு செய்தோம். கழன்றதையெல்லாம் சுரண்டி எடுத்து, உப்புப் பூத்த இடங்களைத் தண்ணீர் விடாமல் உலர்ந்த தூரிகையால் தட்டித் துடைத்தோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும். 2017 ஆவணியில் மேல்மாடி ஜன்னலுக்குக் கீழே, மூன்று அடிக்கு மூன்று அடியாக நான்கு சதுரங்கள் குறித்து, நான்கு பெயின்டுகளைப் பூசினோம். முதலாவது, 2015 இல் பூசிய அதே நட்சத்திரப் பெயின்ட். இரண்டாவது, அதைவிட விலை கூடிய, அதுவும் இணையத்தில் நல்ல பெயரெடுத்த பெயின்ட். மூன்றாவது, கொந்தராத்துத் தரம். நான்காவது, கடையில் கிடைத்தவற்றில் விலை குறைந்தது. ஒவ்வொரு சதுரத்தின் மேல்பாதிக்கும் அந்தந்த நிறுவனத்தின் காரம் தாங்கும் அடிப்பூச்சான பிறைமரைப் பூசி, கீழ்ப்பாதியைப் பிறைமர் இல்லாமல் விட்டோம். அதன் பின் ஒரு மாரி முழுவதும் எதையும் தொடவில்லை.

தை கடைசியில் சாரம் கட்டி ஏறினேன். ஐ.எஸ்.ஓ. 2409 என்ற ஒட்டுமைச் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. கூரிய அலகினால் ஆறு கோடுகள் நெடுக்கிலும் ஆறு கோடுகள் குறுக்கிலும் கீறினால் 25 சிறு கட்டங்கள் கிடைக்கும். அவற்றின் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுத்து, எத்தனை கட்டங்கள் நாடாவோடு வந்தன என்று எண்ணவேண்டும். 0 என்றால் ஒன்றும் கழரவில்லை, 5 என்றால் பெரும்பகுதி போய்விட்டது. சொரசொரப்பான சீமெந்துப் பூச்சில் ஆய்வுகூடத் துல்லியம் வராது என்றாலும், நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். முதலாவது பெயின்ட், பிறைமர் இருந்த மேல்பாதியில் ஓரங்கள் மட்டும் சிதைந்து தப்பியது. கீழ்ப்பாதியில் ஏறக்குறைய பாதிக் கட்டங்கள் நாடாவோடு வந்தன. இரண்டாவதும் மூன்றாவதும் மேல்பாதியில் அசையவே இல்லை. நான்காவதில் ஒட்டுநாடாவுக்கே வேலை இருக்கவில்லை. கறுப்புத் துணியால் ஒருமுறை துடைத்ததும் பெயின்ட் தூளாக ஒட்டித் துணி வெளுத்தது. ஜன்னல் படியின் கீழே பச்சைப் பாசி படர்ந்திருந்தது.

இரண்டாவது பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் நல்ல பெயர் எடுத்த ஒரு பெயின்ட் எங்கள் சுவரிலும் நன்றாகவே நின்றது. ஆகவே நட்சத்திரம் பெற்றதெல்லாம் மோசம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நட்சத்திரம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்த இரண்டில் ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. எது நிற்கும் என்று நட்சத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அதைச் சொல்லியிருக்கக் கூடியது, ஒவ்வொரு பெயின்டுக்கும் நிறுவனம் வெளியிடும் தொழில்நுட்பத் தரவுத் தாள். நகரில் நாங்கள் வழமையாக வாங்கும் கடையின் முதலாளி, நான் கேட்டதும் நான்கு பெயின்டுகளுக்கும் தாள்களை அச்செடுத்துத் தந்தார். கேட்காத வாடிக்கையாளருக்கும் அதை எடுத்துக் காட்டும் அளவுக்கு அவர் தன் தொழிலை அறிந்தவர். அந்தத் தாள்களில் நான் முதலில் தேடியது கனவளவுத் திண்மம் என்ற ஒரே ஒரு எண். வாளியில் இருப்பதில் நீர் ஆவியாகிப் போன பிறகு சுவரில் தங்கப்போவது எத்தனை வீதம் என்பதுதான் அது. முதலாவது பெயின்டில் அது 30 வீதம், மூன்றாவதில் 40 வீதம். முதலாவது வாளியின் மேல், ஒரு லீற்றர் 14 சதுர மீற்றருக்குப் போதும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. வாங்குபவர் அதை இலாபம் என்று நினைப்பார். கணக்குப் பார்த்தால் அது வேறு கதை. ஒரு லீற்றரை 14 சதுர மீற்றரில் இழுத்தால் காய்ந்த பிறகு மிஞ்சும் படலம் 21 மைக்ரோன்தான் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டு பூச்சுக்கும் சேர்த்து 43 மைக்ரோன். மூன்றாவது பெயின்டின் தாள் லீற்றருக்கு 10 சதுர மீற்றர் என்றே சொன்னது. அப்படிப் பூசினால் ஒரு பூச்சுக்கு 40 மைக்ரோன், இரண்டுக்கும் 80. நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்த மெல்லிய தோலுக்குக் காரணம் இந்தக் கணக்கில் இருந்தது.

விலையையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும். முதலாவதன் விலை லீற்றருக்கு 100 என்றால், மூன்றாவது 130, இரண்டாவது 190. ஒரு சதுர மீற்றரில் 80 மைக்ரோன் படலம் தங்குவதற்கு முதலாவதில் 26.7 செலவாகும், மூன்றாவதில் 26, இரண்டாவதில் 40. வாளி விலையைப் பார்த்தபோது மலிவாகத் தெரிந்த பெயின்ட், சுவரில் தங்குவதைப் பார்த்தால் மலிவே இல்லை. கொந்தராத்துத் தரத்தைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு இந்தக் கணக்கும் அந்த நான்கு சதுரங்களும் போதுமாக இருந்தன. தாளில் இன்னும் ஒன்றைப் பார்த்தேன்: பிணைப்பான் என்ன வகை என்பது. வினைல் அசிற்றேற்று கூடிய பிணைப்பான் காரமும் ஈரமும் சேர்ந்த சுவரில் மெல்ல மெல்லச் சிதையும். முழு அக்ரிலிக் அதைத் தாங்கும். மூன்றாவதன் தாளில் முழு அக்ரிலிக் என்று எழுதியிருந்தது. முதலாவதன் தாளில் பிணைப்பானைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நிறம் பற்றியும் கடைக்காரரோடு நீண்ட நேரம் பேசினோம். குழு கடும் மஞ்சளும் சிவப்பும் கேட்டது. சின்னப் பிள்ளைகளின் பாடசாலை என்பதால் அந்த ஆசை நியாயமானது. ஆனால் கடையில் இயந்திரத்தில் கலக்கும்போது, வெளிர் நிறங்களுக்கு ஒரு அடிப்படைப் பெயின்டும் கடும் நிறங்களுக்கு வேறோர் அடிப்படைப் பெயின்டும் எடுக்கப்படுகின்றன. கடும் நிறத்துக்கான அடிப்படையில் டைட்டேனியம் டையொக்சைட் என்ற வெண்ணிறமி மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. பளிச்சென்ற மஞ்சளையும் சிவப்பையும் தரும் கரிம நிறமிகளில் பல கடற்கரை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். இரும்பு ஒக்சைட் தரும் காவியும், மண் மஞ்சளும், செங்கல் நிறமும் அப்படி வெளுப்பதில்லை. நம் கோயில் மதில்களில் காவிப் பட்டை பழையதானாலும் காவியாகவே இருப்பதைக் காட்டிக் கடைக்காரர் இதைக் குழுவுக்கு விளக்கினார். வெளிச்சுவருக்கு மண் மஞ்சளும், தூண்களுக்குச் செங்கல் நிறமும் என்று முடிவானது. கடும் நிறங்களை உள்ளே வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் பூசிக் கொடுத்தோம். ஓர் இணைய மதிப்பீடு ஒரு பெயின்டின் வெள்ளைக்குக் கிடைத்ததா கடும் சிவப்புக்குக் கிடைத்ததா என்பதை வாசிப்பவர் அறிய வழியில்லை. எல்லா நிறங்களும் ஒரே பெயரின் கீழ் ஒரே நட்சத்திரமாகக் கலந்துவிடுகின்றன.

2018 ஆடியில் வேலை தொடங்கியது. தூரிகையை எடுப்பதற்கு முன் சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். ஏ.எஸ்.டி.எம். டி 4263 என்ற சோதனை கொங்கிறீற்றுக்கு எழுதப்பட்டது என்றாலும் எந்தச் சுவருக்கும் உதவும்: பதினெட்டு அங்குலச் சதுரப் பொலித்தீன் துண்டின் நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டிப் பதினாறு மணித்தியாலம் விட்டுப் பார்க்க வேண்டும். ஆறு இடங்களில் ஒட்டினோம். மறுநாள் காலையில் ஐந்து காய்ந்திருந்தன. வடகிழக்கு மூலையில், நிலத்திலிருந்து இரண்டு அடி உயரத்தில் ஒட்டியதன் உட்பக்கம் வேர்த்து, துளிகள் கோடாக வழிந்திருந்தன. மேலே பார்த்தால் பீலியிலிருந்து இறங்கும் குழாயின் முழங்கை வெடித்து, தண்ணீர் அத்திவாரத்தின் மேல் தெறித்துக்கொண்டிருந்த அடையாளம் தெரிந்தது. முதல் பெயின்ட் அந்த மூலையில்தான் முதலில் கழன்றது. குழாயை மாற்றி, அந்த மூலையை மூன்று வாரம் வெயிலில் விட்டு, அதற்குப் பிறகே பிறைமர் பூசினோம். எந்த நிறுவனத்தின் எந்தப் பெயின்டும் அந்த உடைந்த குழாய்க்கு மருந்தாகியிருக்காது.

பூசும்போது நான் பிடிவாதமாக இருந்தது வாளிக் கணக்கில். வெளிச்சுவர்கள் மொத்தம் 380 சதுர மீற்றர். இரண்டு பூச்சுக்கு லீற்றருக்கு 10 என்ற கணக்கில் 76 லீற்றர் தேவை. சொரசொரப்புக்கும் சிந்துவதற்கும் சேர்த்து ஐந்து 20 லீற்றர் வாளிகள் வாங்கினோம். நாலரை வாளிக்குக் கொஞ்சம் மேலே செலவானது. 2015 இன் பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால் அதே சுவர்களுக்கு இரண்டரை வாளிதான் போயிருக்கிறது. படலத்தின் தடிப்பை அளக்கும் சீப்பு போன்ற கருவி நகரில் எல்லோரிடமும் இருக்காது. காலி வாளிகளை எண்ணுவது எல்லோருக்கும் முடியும். தண்ணீர் 10 வீதத்துக்கு மேல் கலக்க வேண்டாம் என்று தாளில் இருந்ததால், பெயின்ட் அடித்த அண்ணனிடம் ஓர் அளவுக் குவளையைக் கொடுத்து வைத்தோம். ஐந்து வாளிகளிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து எடுத்தோம். ஒரு சுவரை நடுவில் நிறுத்தாமல் மூலை வரைக்கும் முடித்தோம். அந்தத் தாள்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது எனக்கு வருத்தம். வேலை செய்யும் கைகள் வாசிக்கக்கூடிய மொழியில் அவை இருக்கவேண்டும். ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதிச் சாரத்தில் கட்டித் தொங்கவிட்டேன்.

ஏழு மாரிக்குப் பிறகு அந்தக் கொந்தராத்துத் தரத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது இது. ஒட்டுமை குறையவில்லை. கறுப்புத் துணியில் இலேசான தூள் மட்டும் வருகிறது. மண் மஞ்சள் ஒரு சாயல் வெளிறியிருக்கிறது. ஜன்னல் படிக்குக் கீழே மழை படாத இடத்தோடு ஒப்பிட்டால்தான் அது தெரியும். வடக்குப் பக்க நிழலில் நான்காவது வருடம் பாசி பிடித்தது. குளோரின் கரைசலால் கழுவினோம், பிறகு திரும்பி வந்தது, திரும்பவும் கழுவினோம். பெயின்டில் சேர்க்கப்படும் பூஞ்சைத் தடுப்பான் வருடங்கள் போகப் போக மழையோடு கரைந்து குறையும் என்பதால் இதை ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன். வடகிழக்கு மூலையில் சீமெந்துப் பூச்சு வெடித்த மயிரிழைக் கோடுகள் பெயின்டிலும் தெரிகின்றன. வெடிப்பை மூடி நீளும் தன்மை இந்தப் பெயின்டுக்கு இல்லை. பூசும்போது இது கனமானது, ரோலரில் கை வலிக்கும், முதல் நாள் பார்வைக்கு நட்சத்திரப் பெயின்டின் மினுக்கம் இதில் வராது. நிறத் தெரிவும் குறைவு. பூசிய அன்றே என்னிடம் மதிப்பீடு கேட்டிருந்தால் மூன்றரை நட்சத்திரம்தான் கொடுத்திருப்பேன்.

உள்ளறைகளுக்கு நான் இவ்வளவு பாடுபடச் சொல்லமாட்டேன். வீட்டின் படுக்கையறைக்கு மணம் குறைந்த, துடைக்கக்கூடிய உட்சுவர்ப் பெயின்டைத் தேட வாடிக்கையாளர் மதிப்பீடு நன்றாகவே உதவும். அங்கே எழுதுபவரின் கேள்வியும் நம் கேள்வியும் ஒன்று. அதே பாலர் பாடசாலையின் வகுப்பறைகளுக்கு நாங்களும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம், குறைவில்லை. ஆனால் பிள்ளைகள் பிடிக்கும் கம்பிகளுக்கும் கதவுகளுக்கும் பூசும் எனமலில் ஈயத்தின் அளவு என்ன என்பதை நட்சத்திரம் சொல்லாது. உலக சுகாதார அமைப்பும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் பரிந்துரைக்கும் உச்ச வரம்பு பத்து இலட்சத்தில் 90 பங்கு. ஈயம் பற்றி எழுத்தில் உறுதி தரும் வாளியையே எடுத்தோம். மாடிப்படிக் கம்பிகளுக்கு உப்புக் காற்றில் வெறும் எனமல் இரண்டு வருடம்கூட நிற்காது என்பதால், துருவை முழுமையாக நீக்கி எப்பொக்சி பிறைமரும் அதன் மேல் பொலியூரித்தேன் பூச்சும் கொடுத்தோம். இரும்பு பற்றிய விபரம் தனியாக எழுதவேண்டிய அளவுக்குப் பெரியது.

இப்போது பாசிக்குடாப் பக்கம், கடலிலிருந்து நூறு மீற்றருக்குள், சிறிய தங்குவிடுதி ஒன்றின் வேலை என்னிடம் இருக்கிறது. உரிமையாளர் முதல் நாளே ஒரு பெயின்டின் பெயரையும் அதன் நட்சத்திரத்தையும் கைத்தொலைபேசியில் காட்டினார். அதையும் சேர்த்து ஐந்து சதுரங்கள் கிழக்குச் சுவரில் பூசியிருக்கிறோம். ஒவ்வொன்றின் கீழும் பெயர், தொகுதி எண், பூசிய திகதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மாரி முடியும் வரை பெயின்டுக்கான கட்டளையைக் கொடுப்பதில்லை என்று அவரும் சம்மதித்திருக்கிறார். தையில் அலகும் ஒட்டுநாடாவும் கறுப்புத் துணியுமாகப் போவேன். அவரும் கூட வந்து தன் கையாலேயே இழுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.